படத்துல வந்த கார்டினலும் நம்ம அர்ச்சனை கவுண்டரும்

 

வழக்கமா நான் இங்க எழுதுறது அன்னதானத்துக்கு ஆள் வேணும், பால்குடத்துக்குப் பேர் கொடுங்க, செருப்பு ரேக்குல செருப்பை ஒழுங்கா வைங்க, இப்படித்தான். இன்னிக்கு ஒரு பேய்ப் படத்தைப் பத்தி எழுதுறேன். கோயில் பக்கத்துல சினிமா எதுக்குன்னு சிலர் கேப்பீங்க. கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க. கொஞ்சம் நீளமான பதிவு, கதையையும் முழுசா சொல்லப் போறேன். படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிக்கலாம்.

போன மாசம் மகள் டிவியில "தி ஃபர்ஸ்ட் ஓமென்" போட்டா. 2024-ல வந்த படம். 1976-ல வந்த "தி ஓமென்" படத்துக்கு முன்கதை. பழைய படம் நம்ம வயசுக்காரங்க பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அதைப் பார்த்தது தோட்டத்துல, லயத்துக் கடைசி வீட்டுல, வாடகைக்கு எடுத்த வீடியோ டேப்புல. அப்ப எனக்குப் பதினாலு பதினஞ்சு வயசு இருக்கும். இருபது பேர் தரையில உட்கார்ந்து பார்த்தோம். முடிஞ்சதும் வெளிக் கக்கூசுக்குத் தனியா போக ஒருத்தருக்கும் தைரியம் இல்ல, மூணு மூணு பேரா போனோம்.

பழைய கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். ராபர்ட் தோர்ன்னு ஒரு அமெரிக்க அதிகாரி, நடிச்சவர் கிரிகரி பெக். ரோம்ல ஆஸ்பத்திரியில மனைவிக்குப் பிரசவம். குழந்தை இறந்துடுச்சுன்னு ஒரு பாதிரியார் வந்து சொல்றார். அதே நேரத்துல பிறந்த இன்னொரு குழந்தை இருக்கு, தாய் செத்துட்டா, இதை எடுத்துக்கோ, மனைவிக்குத் தெரிய வேணாம்ங்கிறார். தோர்ன் ஒத்துக்கிறார். அந்தக் குழந்தைதான் டேமியன். அப்புறம் தோர்ன் லண்டனுக்குத் தூதரா போறார். பையனோட பிறந்தநாள் விருந்துல எல்லார் முன்னாடியும் ஆயா தூக்குல தொங்குறா. எச்சரிக்கை சொல்ல வந்த பாதிரியார் புயல்ல செத்துப் போறார், தேவாலயக் கூரைமேல இருந்த கம்பி விழுந்து குத்திடுது. போட்டோக்காரர் ஒருத்தர் லோரியில இருந்து நழுவி வந்த கண்ணாடியில தலை போயி சாகுறார். கடைசியில, இந்தப் பையன் சைத்தானோட பிள்ளைன்னு தோர்ன் நம்பி, கையில கத்தியோட அவனைத் தேவாலயத்துக்கு இழுத்துக்கிட்டுப் போறார். குத்துறதுக்குள்ள போலீஸ் சுட்டுடுது.

டைரக்டர் ரிச்சர்ட் டானர். அந்த இசை இன்னும் காதுல நிக்குது. லத்தீன்ல கூட்டமா பாடுவாங்க. சர்ச் பாட்டு மாதிரியே இருக்கும், ஆனா என்னமோ தப்பா இருக்கும். அதுக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துக்கு ஆஸ்கார் கிடைச்சது. அவர் வாழ்க்கையில வாங்கின ஒரே ஆஸ்கார் அதுதான்.

அந்தப் படத்தோட பலம் என்னன்னா, பேயைக் காட்டவே மாட்டாங்க. ஒரு கொம்பு இல்ல, புகை இல்ல. நடக்குற சாவு ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாருங்க, விபத்துன்னு சொல்லிடலாம். பையன் ஒண்ணும் பண்றதே இல்ல, சும்மா பார்க்கிறான். பாதிப் படத்துக்கு மேல இது உண்மையா, இல்ல அப்பாவுக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சான்னு நமக்கே குழப்பமா இருக்கும். அதுல இருக்கிற பயம் ஒரு அப்பாவோட பயம். பாசமா வளர்த்த பிள்ளையை எப்படிச் சந்தேகப்படுறது? தோட்டத்துல பார்த்தப்ப எனக்கு இது ஒண்ணும் புரியல. இப்ப மூணு பிள்ளைக்கு அப்பன் ஆனப்புறம் புரியுது.

இந்தப் படம் ஓடின ஓட்டத்துல 1978-லயும் 1981-லயும் அடுத்த பாகங்கள் வந்துச்சு, 2006-ல பழைய கதையையே மறுபடி எடுத்தாங்க. அதெல்லாம் நமக்கு வேணாம். இந்தப் புதுசுக்கு வருவோம்.

புதுப் படத்தை எடுத்தவர் அர்க்காஷா ஸ்டீவன்சன், ஒரு பொம்பளை டைரக்டர், முதல் சினிமா. கதை 1971-ல ரோம்ல நடக்குது. மார்கரெட்னு ஒரு அமெரிக்கப் பொண்ணு கன்னியாஸ்திரி ஆகுறதுக்காக வர்றா. ஒரு அநாதை இல்லத்துல வேலை. அங்க கார்லிட்டான்னு ஒரு சிறுமியை எல்லாரும் ஒதுக்கி வச்சிருக்காங்க, கெட்டவ, ஆபத்தானவன்னு. மார்கரெட் மட்டும் அவகிட்ட பாசமா இருக்கா. வெளியே தெருவுல மாணவர்கள் ஆர்ப்பாட்டம். அதிகாரத்தை எதிர்க்கிற காலம், இளவட்டங்க சர்ச் பக்கமே வர்றதில்ல.

பிரென்னன்னு ஒரு பாதிரியார் வந்து மார்கரெட்கிட்ட ரகசியத்தைச் சொல்றார். பழைய படத்துல கம்பி குத்திச் செத்தாரே, அவரேதான். சர்ச்சுக்குள்ளயே ஒரு கூட்டம் இருக்கு. ஜனங்க கடவுளை விட்டுப் போறாங்க, அவங்களைத் திருப்பிக் கொண்டு வரணும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி, சைத்தானையே பிறக்க வைக்கிறது. அவன் வந்து ஆட்டிப் படைச்சா ஜனங்க பயந்து தேவாலயத்துக்கு ஓடி வருவாங்க. இதுதான் திட்டம்.

இதைக் கேட்டதும் நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திட்டேன். மகள், "என்னப்பா, பயமா இருக்கா?"ன்னு கேட்டா. இல்ல, பழசு ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு. அதைக் கீழ சொல்றேன்.

முதல்ல படத்தை ஒழுங்கா எடை போட்டுடலாம். எது நல்ல படம்னு கேட்டா, சந்தேகமே இல்லாம பழசுதான். புதுசு நல்லா எடுத்திருக்காங்க, அந்தக் கதாநாயகி நெல் டைகர் ஃப்ரீ உயிரைக் கொடுத்து நடிச்சிருக்கு. தெருவுல விழுந்து உடம்பு முறுக்கிக்கிற ஒரு காட்சி, கண்ணை எடுக்க முடியல, பார்க்கவும் முடியல. ஆனா விளக்கம் ஜாஸ்தி. பழைய படத்துல கல்லறையைத் தோண்டுவாங்க, உள்ள தாயோட எலும்பு இருக்க வேண்டிய இடத்துல நரி மாதிரி ஒரு மிருகத்தோட எலும்பு இருக்கும். அவ்வளவுதான் காட்டுவாங்க, மிச்சத்தை நம்ம மனசே கற்பனை பண்ணிக்கும். புதுசுல தாய் மனுஷி, மிருகம்தான் தகப்பன்னு மாத்திட்டாங்க. பிரென்னன் பாதிரியாரையும் மாத்திட்டாங்க. பழசுல அவரே அந்தக் கூட்டத்துல இருந்து வந்த பாவி. செஞ்ச பாவத்துக்குப் பயந்து நடுங்குற மனுஷன், உடம்புல 666 குறி வேற இருக்கும். புதுசுல அவர் நல்லவர். நல்லவர் வந்து எச்சரிக்கிறதை விட, அந்தப் பாவத்துல பங்கு போட்ட ஆள் வந்து எச்சரிக்கிறதுதான் மனசைப் பிடிக்கும். இது என் அபிப்பிராயம்.

ரெண்டு படத்துலயும் ஒரே மாதிரி ஒரு காட்சி இருக்கு, கவனிச்சீங்களா? பெத்தவங்க கையில ஆயுதம், கீழ குழந்தை. பழசுல தோர்ன். புதுசுல மார்கரெட். ஏன்னா அந்தக் கூட்டம் தேடின தாய் அவளேதான். அவளைப் பிறக்க வச்சு, அநாதையா வளர்த்து, மாமா மாதிரி பாசம் காட்டின கார்டினலே ரோமுக்கு வரவச்சிருக்கார். ரெட்டைக் குழந்தை பிறக்குது, ஒரு ஆண், ஒரு பெண். பொண்ணு அவங்களுக்கு வேணாம், பையனைத் தூக்கிக் கொண்டாடுறாங்க. மார்கரெட் கத்தியை எடுத்துக் கார்டினலைக் குத்திடுறா. பையன் கழுத்துல கத்தியை வைக்கிறா. ஆனா முடியல. தன் வயித்துல பிறந்தது.

தோட்டத்துல பழைய படத்தைப் பார்த்தப்ப நாங்க எல்லாரும் "குத்து, குத்து"ன்னு கத்தினோம். ஒரு சின்னப் பையனைக் குத்தச் சொல்லி இருபது பேர் கத்தியிருக்கோம். பயம் ஒருத்தனை அப்படித்தான் ஆக்கிடும். புதுப் படத்துல அந்த இடம் வந்தப்ப என் மனைவி மெதுவா, "வேணாம்மா, வேணாம்மா"ன்னு டிவியைப் பார்த்துச் சொன்னாங்க. முன்கதைன்னு ஒண்ணு எடுத்ததுக்கு நியாயம் அந்த ஒரு இடம்தான்.

இன்னொரு விஷயமும் ரெண்டுலயும் ஒண்ணு. பொம்பளை சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்க. தோர்னோட மனைவி, "இந்தப் பிள்ளை என் பிள்ளை மாதிரியே இல்ல, எனக்குப் பயமா இருக்கு"ங்கிறா. கடைசியில மனநல டாக்டர்கிட்டதான் போறா. உண்மை தெரிஞ்ச புருஷன் வாயைத் திறக்கல. மார்கரெட்டையும் சின்ன வயசுல இருந்து "உனக்குக் கற்பனை ஜாஸ்தி"ன்னே சொல்லி வளர்த்திருக்காங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல சீனியர்ங்க சொல்லுவாங்க, எழுபது எண்பதுகள்ல எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில நைட் ஷிப்ட் பிள்ளைங்க திடீர்னு கத்தி விழுவாங்களாம். ஒண்ணு விழுந்தா அப்படியே லைன் முழுக்கப் பரவுமாம். உடனே போமோவைக் கூப்பிட்டு மந்திரிப்பாங்க. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு, தூக்கம் கெட்டு, வீட்டை விட்டு வந்து ஹாஸ்டல்ல கிடக்குற பிள்ளைங்க. அவங்களை உட்கார வச்சு என்னம்மா கஷ்டம்னு எத்தனை பேர் கேட்டிருப்பாங்க? சரி, அது தனிக் கதை.

இப்ப நம்ம விஷயம்.

சில வருஷம் முன்னாடி ஒரு சனிப் பெயர்ச்சி. நான் அர்ச்சனை கவுண்டர்ல இருந்தேன். வாசல்ல பெரிய பலகை, ராசி ராசியா எழுதி, பாதிப்பு உள்ள ராசிக்கெல்லாம் சிவப்பு மை. எழுதினது நான்தான், என் கையெழுத்து நல்லா இருக்கும்னு என்கிட்டதான் கொடுப்பாங்க. அந்த வருஷம் கோபுர வேலைக்குப் பணம் பத்தல. அதனால "மிகவும் பாதிப்பு"ன்னு இருந்ததை "கடும் பாதிப்பு"ன்னு மாத்தினேன். யாரும் சொல்லல, நானே செஞ்சேன். நல்ல காரியத்துக்குத்தானேன்னு.

ஒரு அம்மா வந்தாங்க. கையில ஒரு பிள்ளை, பக்கத்துல ஒரு பையன். மூணு பேருக்கும் பலகையில சிவப்பு. பர்ஸைத் திறந்து பார்த்துட்டு கேட்டாங்க: "அண்ணே, பையனுக்கு மட்டும் செஞ்சா, மத்த ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆயிடுமா?"

நான் சொல்லியிருக்க வேண்டியது, "ஒண்ணும் ஆகாதும்மா, உள்ள போயி கும்பிடுங்க, ஒரு விளக்குப் போடுங்க, போதும்." எனக்குப் பின்னால வரிசை நீளமா நின்னுச்சு. நான் சொன்னது, "எதுக்கும்மா ரிஸ்க் எடுக்குறீங்க?"

அந்த அம்மா மூணு சீட்டு வாங்கினாங்க. கடைசியில சில்லறையை எண்ணி எண்ணி வச்சாங்க. சாயந்திரம் கணக்கு முடிச்சப்ப தலைவர் என் முதுகைத் தட்டினார், போன பெயர்ச்சியை விட நல்ல கலெக்‌ஷன்னு. எனக்கும் சந்தோஷம்தான். அந்த அம்மாவை அப்புறம் நான் கோயில்ல பார்க்கவே இல்ல.

அந்தப் படத்துல வர்ற கார்டினல் கத்திக் கூச்சல் போடுற வில்லன் இல்ல. மெதுவா, அன்பா பேசுவார். சர்ச் நல்லா இருக்கணும், ஜனங்க திரும்பி வரணும், அதுதான் அவர் கவலை. நம்ம கோயில் மீட்டிங்ல நாம படுற கவலையும் அதேதான்: இளைஞர்கள் வர்றதில்ல, தேவார வகுப்புக்கு நாலு பிள்ளைங்க கூட சேரல. கவலை நல்ல கவலைதான். அதுக்கு எடுக்குற வழியிலதான் எல்லாம் கெட்டுப் போகுது. நான் செஞ்சது ரொம்பச் சின்ன அளவு, சிவப்பு மையும் ஒரு வார்த்தையும். ஆனா ஜாதி ஒண்ணுதான்.

இது கிறிஸ்துவர்களைக் குறை சொல்ற பதிவு இல்ல. என் பக்கத்து வீட்டுக்காரங்க கத்தோலிக்கர்கள், நம்ம தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல்ல வந்து நிக்கிறவங்க. கதை அவங்க மதத்துல நடக்குது, வியாதி எல்லா மதத்துலயும் இருக்கு. இதைப் பதினோரு பேருக்கு அனுப்பு, இல்லன்னா கெட்டது நடக்கும்னு வாட்ஸ்அப்ல முருகன் படம் போட்டு வருதே, அது யார் அனுப்புறா? நம்ம ஆளுங்கதானே. குழந்தை பாட்டுக்கு விளையாடுறப்ப "சாமி கண்ணைக் குத்தும்"னு சொல்றது யாரு?

"பயபக்தின்னு தானேய்யா சொல்றோம், பயம் இல்லாம பக்தி எங்க இருந்து வரும்?"னு ஒரு அண்ணன் இதைப் பேசினப்ப கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவங்க முன்னாடி அடக்கமா நிக்கிறோம்ல, அதுவும் ஒரு பயம்தான். அது வேற. உன் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடும்னு சொல்லி வர வைக்கிறது வேற. நடராஜர் வலது கை ஒண்ணைப் பாருங்க, உள்ளங்கையைக் காட்டி நிக்கிறார். அபயம், பயப்படாதேன்னு அர்த்தம். முருகனுக்கும் அபயக் கை, அம்மனுக்கும் அபயக் கை. கருவறையில சாமி பயப்படாதேன்னு கை காட்டிக்கிட்டு இருக்கு, வாசல்ல நான் பயப்படுன்னு பலகை வச்சிருக்கேன். அப்பர் சுவாமிகளைச் சுண்ணாம்புக் காளவாயில போட்டாங்க, யானையை ஏவி விட்டாங்க, கல்லைக் கட்டிக் கடல்ல தள்ளினாங்க. அவரை மிரட்டினவங்கதான் கடைசியில மாறினாங்க, அவர் மாறல.

முனீஸ்வரர், காளியம்மன், மதுரை வீரன் எல்லாம் பயங்கரமா இருக்காங்களேன்னு கேப்பீங்க. உருட்டு விழி, அருவா, நாக்கு. ஆனா எங்க நிக்கிறாங்கன்னு பாருங்க. எல்லையில, வெளியைப் பார்த்து. அந்தக் கோபம் உள்ள வர்ற கெட்டதைப் பார்த்து, நம்மைப் பார்த்து இல்ல. நாங்க தோட்டத்துல ராத்திரி முனியாண்டி கோயிலைத் தாண்டினப்புறம்தான் மூச்சு விடுவோம். அதுக்கு முன்னாடி வரைக்கும்தான் பயம்.

ஃபேக்டரியில எனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்றேன். முன்னாடி எங்க செக்‌ஷன்ல விபத்துப் படங்களைப் பெருசா ஒட்டி வைப்போம், தப்புப் பண்ணா வார்னிங் லெட்டர். ரிப்போர்ட் குறைஞ்சது. எல்லாரும் கவனமா இருக்காங்கன்னு நினைச்சோம். அப்புறம்தான் தெரிஞ்சது, பிள்ளைங்க பயந்துபோய் மறைச்சிருக்காங்க. மெஷின்ல கை மாட்டப் பார்த்துத் தப்பிச்சதைக் கூட சொல்லல. சொன்னா திட்ட மாட்டோம்னு ஆக்கினப்புறம்தான் வாயைத் திறந்தாங்க, மெஷினையும் சரி பண்ண முடிஞ்சது. கோயிலுக்குப் பயந்து வர்றவங்களும் அப்படித்தான். சீட்டு வாங்குவாங்க, ஒன்பது சுத்து சுத்துவாங்க, வீட்டுல என்ன கஷ்டம்னு வாயைத் திறக்க மாட்டாங்க. கெட்டது ஒண்ணும் நடக்கலன்னா அடுத்த பெயர்ச்சி வரைக்கும் வர மாட்டாங்க. நடந்துட்டா, எவ்வளவு செஞ்சும் இப்படி ஆச்சேன்னு வரவே மாட்டாங்க.

சனீஸ்வரருக்கு எள் தீபம் போடுறதை நான் வேணாம்னு சொல்லல. நானும் போடுறேன், எங்க அப்பா போட்டார். பரிகாரம் மனசுக்கு ஒரு பிடிமானம். அது தெரியாம பேசல.

போன ஞாயிறு மீட்டிங்ல மூணு விஷயம் கேட்டேன். அடுத்த பெயர்ச்சிக்குப் பலகையில சிவப்பு மை வேணாம். எல்லா ராசியும் ஒரே கருப்பு, "கடும்"ங்கிற வார்த்தை கிடையாது. பணம் இல்லாதவங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரே சீட்டு, எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவு. கவுண்டர்ல யாராவது "செய்யலன்னா என்ன ஆகும்"னு கேட்டா, எல்லாத் தொண்டரும் சொல்ல வேண்டிய பதில் ஒண்ணே ஒண்ணு, "ஒண்ணும் ஆகாது." குருக்கள் உடனே சரின்னுட்டார். பொருளாளர் அண்ணன்தான் கால்குலேட்டரை எடுத்தார். கலெக்‌ஷன் குறையும், கரண்ட் பில்லுக்கு நீ கட்டுவியான்னு கேட்டார். குறையும்தான், நான் இல்லன்னு சொல்லல. இன்னும் முடிவாகல, அடுத்த மாசம் மறுபடி பேசுறோம். உங்க அபிப்பிராயத்தைக் கீழ எழுதுங்க, திட்டுறதா இருந்தாலும் சரி, பிரிண்ட் எடுத்து மீட்டிங்குக்குக் கொண்டு போவேன்.

அந்த அம்மா இந்தப் பதிவைப் படிக்க வாய்ப்பு கம்மி. படிச்சா, அம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. ஒரு நாள் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க, சீட்டு ஒண்ணும் வேணாம்.

வர்ற வெள்ளி அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க ஆறு பேர் தேவை. சாயந்திரம் 4 மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால. கத்தி நாங்க தர்றோம்.

சிவாயநம.